நீயே சொல்லு என்று நான் கேட்டது

அந்தப் பையனின் தந்தை என்மீது ஒரு குறையும் சொல்லவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போட்டி முடிந்த மறுநாள் காலையில், செய்தித்தாளில் சுற்றிய வஞ்சிரம் ஒன்றைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நின்றார். ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும். எடை போட்டுத்தான் கொண்டுவந்தேன் மாஸ்டர் என்று சிரித்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாவது முறை வாங்கிக்கொண்டேன். குழம்பு நன்றாகவே இருந்தது. நான் பயிற்சி கொடுக்கும் அந்தப் பையன் மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்றிருந்தான், எல்லாருக்கும் மகிழ்ச்சி. யாருக்கும் ஒரு தீங்கும் நேராத ஒரு நிகழ்ச்சியை ஓராண்டுக்கும் மேலாக நான் ஏன் உருட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் எனக்கே விளங்கவில்லை.

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம் அது. பதினைந்து வயதுப் பையனை ஒரு மாதத்துக்கு முன்பே 48 கிலோ பிரிவில் பதிவு செய்திருந்தோம். எடைக் கருவியில் ஏற்றினால் 49.9 காட்டியது. தந்தை பொங்கலையும் வடையையும் குறை சொன்னார். எனக்கோ அவனுடைய கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது கண்ணில் பட்டது. குரல் உடைந்துகொண்டிருந்தது. அவன் வளர்ந்திருந்தான், அவ்வளவுதான். 50 கிலோ பிரிவுக்கு மாற்ற ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எடையும் கச்சிதமாக அதில் பொருந்தும். ஆனால் அந்தப் பிரிவில் விளையாட்டு விடுதியைச் சேர்ந்த, இடது கையால் குத்தும் உயரமான பையன் ஒருவன் இருந்தான். அவனிடம் இவன் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தான்.

நான் ஐம்பதில் ஆடட்டும் என்றேன். அவர் உடனே மறுக்கவில்லை. காசிமேட்டில் மீன் ஏலத்தில் எடை போடுகிறவர் அவர். பேரம் பேசத் தெரிந்தவர். "மாஸ்டர், பாரிஸ்ல நூறு கிராமுக்கு அந்தப் பொண்ண வெளிய அனுப்பிட்டாங்கன்னு நாடே அழுதுச்சே. நமக்கு இன்னும் மூணு நாளு கீது" என்றார். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை எடையில் நூறு கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்ததை நாங்கள் எல்லாருமே இதே கூடத்தில் கைப்பேசியில் பார்த்தோம். எடையைக் குறைக்க உடம்பை வதைப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு நான் காட்டிக்கொண்டிருந்த உதாரணம் அது. அதையே அவர் இன்னும் கொஞ்சம் முனைந்திருந்தால் ஆகியிருக்கும் என்பதற்கு உதாரணமாக்கிவிட்டார். நான் உடம்பிலுள்ள நீரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். "தண்ணி வடிஞ்சா எடை கொறையும் மாஸ்டர். கூடையில கொஞ்ச நேரம் வெச்சாலே கொறையும். இது எங்க பொழப்பு."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. உயிருள்ள பையனும் கூடையில் கிடக்கும் மீனும் ஒன்றல்ல என்று சொல்லியிருக்கலாம். அவர் மனம் புண்படும் என்று நினைத்தேனா, பேச்சு நீள்கிறதே என்ற அலுப்பா, தெரியவில்லை. பையன் பக்கம் திரும்பி, "டேய், உன் உடம்புடா. நீயே சொல்லு. எது வேணும்?" என்று கேட்டேன்.

அவன் என்னையும் பார்க்கவில்லை, தந்தையையும் பார்க்கவில்லை. கருவியில் அணைவதற்கு முன்பு சில நொடிகள் நிற்கும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு, "நாப்பத்தெட்டு, மாஸ்டர்" என்றான். நான் "சரி" என்றேன்.

மனதில் திரும்பத் திரும்ப ஓடுவது அவனுடைய பதிலைவிட என்னுடைய அந்தச் "சரி"தான். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

என் தரப்பை நான் சொல்லியாக வேண்டும். பாட்டியாலாவில் ஆறு வாரப் பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்புக்குப் போயிருந்தபோது, குழந்தையைக் கேட்காமல் அதன் விளையாட்டைத் தீர்மானிக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் கேட்டேன். பெற்றோர் முன்னிலையில், வெளிப்படையாகக் கேட்டேன். எங்கள் காலத்தில் எந்த வாத்தியார் கேட்டார்? இன்னொன்றும் இருக்கிறது. நான் முடியாது என்று உறுதியாக நின்றிருந்தால், அவர் பையனை அழைத்துப்போய்த் தாமே பட்டினி போட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கண்பார்வையில் நடந்தால் உப்பைக் குறைத்து, சோற்றைக் குறைத்து, தண்ணீரைக் கடைசி நாள்வரை நிறுத்தாமல் ஓரளவு பாதுகாப்பாகச் செய்யலாம். இப்படித்தான் அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதிப் பார்க்கும்போதும் இதில் பாதி உண்மையாகத்தான் தெரிகிறது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். அதே வகுப்பில்தான் 1997-இல் அமெரிக்காவில் ஐந்து வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோன செய்தியையும் கேட்டேன். வியர்வையைக் கூட்டும் ரப்பர் உடையைப் பிறகு அங்கே தடை செய்தார்கள். உடல் எடையில் இரண்டு சதவீத நீர் போனாலே வேகமும் கவனமும் குறையும் என்று குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். 49.9-இலிருந்து 48 என்பது ஏறக்குறைய நான்கு சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "சரி" சொன்னேன் என்றால் நம்பாதீர்கள், போட்டுப் பார்த்தேன். அவன் "நாப்பத்தெட்டு" என்று சொல்வதற்கு முன்பே போட்டுவிட்டேன்.

முதல் இரண்டு நாள்களில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கியது. பிறகு உடம்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாலையில் தந்தை ஒரு மழைக்கோட்டைக் கொண்டுவந்தார். அதற்குள் இரண்டு ஸ்வெட்டர். மழைக்கோட்டு கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் மாட்டிவிட்டார், பையன் கடற்கரைச் சாலையில் ஓடினான். கோட்டை நான் கொடுக்கவில்லை. ஆனால் நேரத்தைக் கணக்கிட்டது என் கைக்கடிகாரம்தான். திரும்பி வந்தவன் உதட்டை நக்க நக்க, அது காய்ந்த மீன் செதிலைப் போல வெடித்திருந்தது. கையில் ஒரு காலி பாட்டில். அதில் துப்பிக்கொண்டே இருந்தான். எச்சிலும் எடைதானே என்று யாரோ மூத்த பையன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

மறுநாள் அதிகாலையில் எங்கள் கருவியில் 48.1. போட்டி நடக்கும் இடத்துக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. பையன் ஜட்டியோடு நின்றபடி, இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் போனான். அதில் சிறு வெள்ளித் தாயத்து ஒன்று கோத்திருந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து கிராம் தேறுமா என்பதே சந்தேகம். சுவரில் சாய்ந்து நின்றிருந்த தந்தை ஒரே எட்டில் வந்து அவன் கையைப் பிடித்தார். "அத்த மட்டும் கயட்டாத" என்றார். குரல் மாறியிருந்தது. உயிரோடு இருக்கிறவன் இடுப்பிலிருந்து கயிற்றை எடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையன் கையை எடுத்துவிட்டு, மறுபடியும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஸ்கிப்பிங் ஆடினான்.

மூன்று நாளாக மகனைக் காயவைத்த அந்த மனிதருக்கு ஓர் எல்லை இருந்தது. அது வந்ததும் யாரையும் கேட்காமல் தடுத்தார். நீயே சொல்லு என்று அவர் கேட்கவில்லை. பாட்டியாலா போய்வந்த எனக்கு அப்படி ஓர் எல்லை எங்கே இருந்தது என்று அந்த மூன்று நாளைத் தேடிப்பார்க்கிறேன். என் எல்லை மழைக்கோட்டில் இருந்ததாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

போட்டி இடத்தில் சரியாக 48.0. எடை முடிந்ததும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திருக அவன் விரல்களுக்குப் பலம் இல்லை. நானே திறந்து கொடுத்தேன். போட்டியிருக்கும் ஒவ்வொரு நாள் காலையும் குத்துச்சண்டையில் எடை பார்ப்பார்கள் என்பதால் வயிறாரச் சாப்பிடவும் வழியில்லை. இரண்டு நாளில் மூன்று ஆட்டம்; ஒவ்வொன்றும் இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று. மூன்றிலும் வென்றான். இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் அவன் கைகள் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டன. எதிரில் இருந்தவன் இன்னும் கொஞ்சம் தெளிவானவனாக இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே, "கைய தூக்குடா" என்று கத்தினேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் இது நேர்மையான எழுத்தாகாது. எனக்குச் சோறு போடும் அரசு வேலை விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தது. அதற்கு உதவிய பதக்கத்தை நானும் மூன்று நாள் பட்டினி கிடந்துதான் வாங்கினேன். என் வாத்தியார், சார்பட்டா, இடியப்பநாயக்கர் என்ற வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகள் ஊரையே இரண்டாகப் பிரித்த காலத்தைப் பார்த்தவர். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர். அவரிடம் தாகம் என்று சொன்னால் வாய் கொப்பளித்துத் துப்பு என்பார். அவரை நான் வெறுக்கவில்லை. இன்றும் அவர் படத்துக்கு மாலை போடுகிறேன். அப்படிப்பட்ட நான், மாநிலப் பதக்கம் வந்தால் விடுதியில் இடம், சாப்பாடு, படிப்பு, நாளைக்கு அந்த மூன்று சதவீத ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்று விரல்விட்டு எண்ணும் தந்தையிடம் எந்த முகத்தோடு மறுத்துப் பேசுவது? எங்கள் பகுதியில் எந்தப் பெற்றோரும் இப்போது எடுக்கும் பெயர் காசிமா. ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். நம் தெருவிலிருந்தே உலகத்துக்குப் போகலாம் என்பதை அந்தப் பெண் காட்டிவிட்டாள். அதில் எனக்கும் பெருமைதான். கேரம் ஆட எடைக் கருவியில் ஏற வேண்டியதில்லை என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் அடிக்கடி அந்தக் கேள்வியை வேறு வேறு விதமாக அடுக்கிப் பார்ப்பேன். தந்தை டீ குடிக்க வெளியே போன நேரத்தில் கேட்டிருந்தால்? ஐம்பதில்தான் ஆடுகிறாய் என்று முதலில் நான் தீர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு உனக்கு வருத்தமா என்று கேட்டிருந்தால்? பெரியவர்கள் இருவர் தீர்க்க முடியாததை ஒரு பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் சூட்டிக்கொண்டேனோ என்று தோன்றும். உடனே மறுபக்கமும் தோன்றும். அவனுக்கு உண்மையிலேயே அந்தத் தங்கம் வேண்டியிருந்திருக்கலாம். அவனுக்கென்று ஓர் ஆசை இருந்திருக்க முடியாது என்று நான் முடிவு கட்டுவது மட்டும் என்ன நியாயம்?

ஆறேழு மாதம் கழித்து, அவன் கையிலிருந்த துணிக்கட்டைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் கேட்டே விட்டேன். அன்னிக்கு நெஜமாவே ஒனக்கு நாப்பத்தெட்டுதான் வேணும்னு இருந்துச்சா என்றேன். அவன் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "அம்பதுன்னு சொல்லியிருந்தா நைனா உங்ககிட்ட சண்டைக்கு வந்திருக்கும் மாஸ்டர்" என்றான். மனக்குறையாகச் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான்.

அதன் பிறகு கூடத்தில் ஒரு விதி போட்டேன். எடை சனிக்கிழமை மட்டும் பார்க்கப்படும். போட்டிக்கு நான்கு வாரத்துக்குள் யாரும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கக் கூடாது. பெற்றோர் எடைக் கருவியின் பக்கத்தில் நிற்கக் கூடாது. இரண்டு பேர் பிள்ளைகளை வேறு கூடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் அங்கே பதக்கமும் வாங்கிவிட்டான். விதி சரிதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் சென்ற மாதம், எண்ணூறு கிராம் கூடுதலாக இருந்த ஒரு பையனுக்கு, எண்ணூறுதானே, சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டால் போதும் என்று சொன்னவனும் நான்தான். அப்போது போட்டிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

தங்கம் வாங்கியவன் இப்போது 54 கிலோவில் ஆடுகிறான். இயல்பாக அவன் எடை என்ன என்பதை என்னிடம் சொல்வதில்லை. சின்னப் பையன்களுக்கு அவன்தான் அண்ணன். பாட்டிலில் துப்பக் கற்றுக்கொடுப்பவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும். கேட்டால் சிரிக்கிறான்.

போன வாரம் அவனுடைய தம்பியையும் சேர்த்துவிடத் தந்தை அழைத்துவந்தார். பதினோரு வயது. நான் பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் செருப்பையும் சட்டையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கருவியில் ஏறி நின்றிருந்தான். புதன்கிழமை அது. இறங்குடா என்றேன். அவன் இறங்கிய பிறகும் சிவப்பு எண் சில நொடிகள் நின்றது. தந்தை விதிப்படி வாசலுக்கு வெளியேதான் நின்றிருந்தார். அங்கிருந்தே எண்ணைப் படித்துவிட்டார்.