மூணுதான் சார்

வலி பத்துக்கு எவ்வளவு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "மூணுதான் சார்" என்றான். பக்கத்தில் நின்ற கோச், "அவனே சொல்றானே, அப்புறம் என்ன?" என்றார். 13 வயது, வாலிபால், முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே புடைப்பு.

அந்த எண்ணைச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். பூஜ்யம் முதல் 10 வரை வலிக்கு மதிப்பெண். ஆடும்போது 3-க்குள் இருந்து, மறுநாள் காலை பழையபடி அடங்கிவிட்டால் ஆடலாம். அதைத் தாண்டினால் குதிப்பைக் குறைக்க வேண்டும். நொண்டினால் நிறுத்த வேண்டும். விதி நல்ல விதிதான். மாதக்கணக்கில் உட்காரவைத்தால் தொடைத்தசை வலுவிழக்கும், திரும்பி வந்த வாரமே வலியும் வந்துவிடும். 1903-ல் விவரிக்கப்பட்ட, ஆஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும் இந்தத் தொல்லை வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்குகிறது. சிலருக்குப் புடைப்பு மட்டும் தங்கிவிடும்.

ஆனால் 3 என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னேன். நல்ல காலில் இறங்கும்போது முட்டி மடங்கியது. வலிக்கும் காலில் முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பை மடக்கி இறங்கினான். தொடையின் முன்தசை இழுக்கும் விசையெல்லாம் சில்லு வழியாக அந்தப் புடைப்பில்தான் போய் முடிகிறது. வளரும் வயதில் அங்கே முதிராத குருத்தெலும்பு இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் உடம்பு அப்படி இறங்குகிறது. வாய் 3 என்றது, கால் 5 என்றது.

இடுப்பையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தடையில்லை. இந்தச் சோதனையை விட்டுவிடவே கூடாது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை நழுவினாலும் சில பிள்ளைகள் முட்டி வலி என்றுதான் வருவார்கள். இடுப்பு உள்பக்கம் திரும்ப மறுத்தால் அன்றே எக்ஸ்ரே, அதுவரை கால் ஊன்றக் கூடாது. தூக்கத்தைக் கலைக்கும் வலி என்றாலும் வேறு காரணம் தேட வேண்டும்.

ஆடலாம் என்றேன். அந்த வாரம் குதிப்புப் பயிற்சி மட்டும் வேண்டாம், சுவரில் சாய்ந்து அரை உட்காரலாக 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை, வலி பொறுக்கும் அளவுக்கு. ஆட்டம் முடிந்து 10 நிமிடம் ஐஸ். குருத்தெலும்பு திடீரெனப் பிய்ந்து எலும்பு முறிவாவது அபூர்வம். 'படக்' என்ற உணர்வுடன் காலை நீட்டவே முடியாமல் போனால்தான் அவசரம். இதெல்லாம் சரியான காரணங்கள். 3 என்று அவன் சொல்லாமல் இருந்திருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பேனா என்பதுதான் தெளிவாகவில்லை.

இப்போது முதலில் குதிக்க வைக்கிறேன், எண்ணைக் கடைசியில்தான் கேட்கிறேன். காலையில் படியிறங்குவதைக் கவனிக்கும்படி வீட்டாரிடம் சொல்கிறேன். அது பிள்ளையை வேவு பார்ப்பதாக ஆகிவிடுகிறது. பிள்ளைகளும் சீக்கிரமே கண்டுபிடித்து, யாராவது பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக இறங்கப் பழகிக்கொள்கிறார்கள்.