லாட்ஜ் ஹவுஸ்கீப்பிங்: மஞ்சள் கறையும் உப்புத் தண்ணீரும்

மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களை இன்னும் கூட்டித் துடைக்கிற ஆளாகவே பார்க்கிறார்கள். எந்தக் கறைக்கு எது, எந்தத் தரைக்கு எது ஆகாது என்ற அறிவுதான் அந்த வேலையில் பெரும்பகுதி.

ஆள் காலி செய்ததும் ஜன்னலைத் திறந்து, விரிப்பை உருவி, தலையணைக்கு அடியில் நகை, போன் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிப்பறையில் கிளீனரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அறைக்குத் திரும்பலாம். விரிப்பை உதறினால் பஞ்சுத் தூசி பறக்கும். அதனால் முதலில் படுக்கை, அப்புறம் மேசை, அலமாரி. தரை கடைசி, உள்மூலையிலிருந்து வாசலை நோக்கி.

கோயிலுக்கு வருகிறவர்களின் துணிக்கறை தனி ரகம். குங்குமத்தை ஈரத்துணியால் தேய்த்தால் பரவும். உலர்ந்த நிலையிலேயே உதறிவிட்டுத்தான் நனைக்க வேண்டும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும். பயந்துபோய் பிளீச்சை எடுக்க வேண்டாம், சோப்பின் காரத்தால் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். நன்றாக அலசி உச்சி வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், நனைக்கும் முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிக் கால்மணி நேரம் விட்டு, பிறகு வெந்நீரில் துவைக்க வேண்டும்.

போர் தண்ணீரின் உப்புப் படிவுக்கு ஆசிட் ஊற்றுவது இங்கே பழக்கமாகிவிட்டது. ஆசிட் உப்பைக் கரைக்கும். கூடவே டைல்ஸ் இடுக்கின் சிமெண்டையும் அரிக்கும், குழாயின் பளபளப்பையும் எடுத்துவிடும். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை, அதில் எலுமிச்சைச் சாறுகூடத் தடம் விடும். குழாய்க்கு மட்டும் எலுமிச்சைச் சாறில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றிவைத்து அலசினால் போதும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும் ஆசிட்தான் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஒருவரை வேலைக்கு அனுப்புவது முதலாளியின் குற்றம்.

கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். சித்திரைத் திருவிழாவில் அதுவும் பற்றாது. அரைகுறையாகக் காய்ந்ததை மடித்துவைத்தால் முடைநாற்றம் பிடிக்கும். எத்தனை வாசனைத் திரவம் தெளித்தாலும் போகாது. அந்த வாரத்துக்குக் கூடுதல் செட் வாங்கிவைப்பதும் கூடுதல் ஆள் போடுவதும் நிர்வாகத்தின் வேலை. அதைச் செய்யாமல் அக்காக்களை விரட்டிப் பயனில்லை.