டிவிடெண்ட் ஃபண்டு என்று நம்பிக் கையெழுத்துப் போட இருந்தேன்

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 6 லட்சத்தைப் பெரிய கம்பெனிப் பங்குகளில், டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்திலிருந்து தரும் பங்கு) வருகிற மாதிரி போட நினைத்தேன். வங்கிக் கிளையில் இதற்கென்றே உட்கார்ந்திருக்கும் தம்பி, "டிவிடெண்ட் ஃபண்டு சார், வட்டி மாதிரி மாசாமாசம் வந்துரும்" என்றார். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கிளையிலும் இப்படி ஒரு தம்பி இருக்கிறார்.

மியூச்சுவல் ஃபண்டு படிவம் நிரப்பியாயிற்று. கேஒய்சியில் (அடையாளச் சரிபார்ப்பில்) மாட்டிக்கொண்டது. பான் அட்டையில் என் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, ஆதாரில் இனிஷியல் மட்டும். லால்குடியிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறி, சேவை மையத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால், "பேர் ஒத்துப்போகல, ஒண்ணைத் திருத்திட்டு வாங்க" என்று ஒரே வரி. எதை, எங்கே என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசியில் பான் அட்டையைச் சான்றாகக் காட்டி ஆதாரில் திருத்தினேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துகளை ஒன்றுக்கு நாலு தடவை சரிபார்த்துவிட்டு ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள்.

இதற்கு மூன்று வாரம் ஆனது. சும்மா இருந்த நேரத்தில்தான் படிவத்தின் நகலை உட்கார்ந்து படித்தேன். திட்டத்தின் பெயர் சாதாரண லார்ஜ் கேப் (பெரிய கம்பெனி) ஃபண்டு, பின்னால் 'ரெகுலர்' (இடையில் ஒருவர் வழியாக வாங்குவது), 'ஐடிசிடபிள்யூ' (வருமானப் பகிர்வோடு முதலையும் எடுப்பது). டிவிடெண்ட் தரும் பங்குகளாகப் பார்த்து வாங்கும் ஃபண்டே இல்லை! முன்பு 'டிவிடெண்ட் ஆப்ஷன்' என்று இருந்ததைத்தான் 2021 ஏப்ரல் முதல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இப்படிப் பெயர் மாற்ற வைத்தது. வருமானத்தோடு நம் முதலும் சேர்ந்து திரும்பி வரலாம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) 20 ரூபாய் இருக்கும்போது 1 ரூபாய் கொடுத்தால், என்ஏவி 19 ஆகிவிடும். நம் குடத்துத் தண்ணீரை மொண்டு நமக்கே கொடுப்பது. மாதாமாதம் வந்தே தீரும் என்ற உறுதியும் கிடையாது.

சரி, பங்கு விலைக்கு எத்தனை விழுக்காடு டிவிடெண்ட் (இதுதான் ஈல்டு) என்று பார்த்து வாங்கும் நிஜமான டிவிடெண்ட் ஈல்டு ஃபண்டுகளையே பார்ப்போம் என்று இறங்கினேன். அங்கே வேறு சிக்கல். இந்த வகைக்கு செபி 2017இல் வைத்த விதி, 65 விழுக்காடாவது பங்குகளில் இருக்க வேண்டும், பெரும்பாலும் டிவிடெண்ட் தரும் பங்குகளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய கம்பெனிதான் என்ற கட்டாயம் இல்லை. லார்ஜ் கேப் ஃபண்டு என்றால் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில் ஃபண்டுப் பணத்தின் 80 விழுக்காடாவது இருந்தாக வேண்டும். ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல், ஃபண்டு மாதாமாதம் வெளியிடும் விவரத்தாளில் (ஃபேக்ட்ஷீட்) பங்குப் பட்டியலைப் பாருங்கள். ஈல்டு அதிகம் என்றதும் மயங்கவும் வேண்டாம். 2020 மார்ச்சில் கோல் இந்தியா 12 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. அந்த மாதக் கடைசியில் பங்கு விலை 140 ரூபாய் அளவில். ஈல்டு 8 விழுக்காட்டுக்கு மேல்! ஆனால் 2010இல் பங்கு வெளியிட்ட விலை 245. விலை விழுந்ததால் ஈல்டு பெரிதாகத் தெரிந்தது.

தம்பி வாட்ஸப்பில் அனுப்பிய வரைபடமும் ஒரு வேலை செய்திருந்தது. ஃபண்டை வெறும் நிஃப்டியோடு ஒப்பிட்டிருந்தார். டிவிடெண்டையும் சேர்த்த டிஆர்ஐ குறியீட்டோடு வைத்துப் பார்த்தேன், பெருமை பாதி கரைந்தது. டிவிடெண்ட் ஃபண்டை விற்க டிவிடெண்டையே கணக்கில் விட்டிருக்கிறார்கள்.

வரியும் இருக்கிறது. ஃபண்டு தரும் டிவிடெண்ட் 2020 ஏப்ரல் முதல் நம் வருமானத்தோடு சேர்ந்து, நம் வருமான வரி ஸ்லாப்படி வரிக்கு வருகிறது. டிவிடெண்ட் தராமல் ஃபண்டிலேயே வளரவிடும் குரோத்தில் போட்டு, மாதாமாதம் ஒரு தொகை எடுக்கும் எஸ்டபிள்யூபி மூலம் எடுத்தால், எடுக்கும் தொகையில் லாபப் பகுதிக்கு மட்டும்தான் வரி. ஓராண்டு தாண்டிய லாபம் என்றால் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை அதுவும் இல்லை, அதற்கு மேல் 12.5 விழுக்காடு.

கேஒய்சி சரியானதும், வங்கியை விட்டுவிட்டு இடையில் யாரும் இல்லாமல் நேரடியாக டைரக்ட், குரோத் எடுத்தேன். ஃபண்டு வருடாவருடம் பிடிக்கும் செலவு விகிதம் ரெகுலரைவிட ஒரு விழுக்காடு குறைவு. 6 லட்சத்துக்கு வருடம் 6,000 ரூபாய் மிச்சம். ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் மாதமே 3,000 ரூபாய் எஸ்டபிள்யூபி ஆரம்பித்தேன். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 விழுக்காடு எக்சிட் லோடு (வெளியேறும் கட்டணம்) என்று அதே ஃபேக்ட்ஷீட்டில் இருந்ததை நான் படிக்கவே இல்லை. போனது 30 ரூபாய்தான், எரிச்சல் 3,000 ரூபாய்க்கு. போதாததற்கு, குறுகிய கால லாபத்துக்கு வரி 20 விழுக்காடு. அன்றே நிறுத்திவிட்டேன், ஆண்டு முடிந்ததும் திரும்ப ஆரம்பிப்பேன்.

அப்புறம் வீட்டுக்காரியின் பான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் மாமனார் பெயர் முழுதாக இருக்கிறது, ஆதாரில் இனிஷியல். திங்கட்கிழமை மறுபடி பஸ் ஏற வேண்டும்.