ஆர்க்கிட் விதைக்கு இளநீர்: பாட்டில் பச்சை பிடித்துவிட்டது!

மொட்டைமாடி டென்ட்ரோபியம் ஆர்க்கிடின் காயிலிருந்து விதைத்த பாட்டில்களில், இளநீர் சேர்த்த வரிசை முழுக்கப் பச்சை. புரோட்டோகார்ம்கள், அதாவது விதை முளைத்ததும் உருவாகும் குட்டி உருண்டைகள், ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி உருண்டு திரண்டு நிற்கின்றன, சிலவற்றின் உச்சியில் முதல் இலையின் கூர் எட்டிப் பார்க்கிறது. அதே காய், அதே நாள், கிருமி நீக்க வைத்த அதே குக்கர், இளநீர் மட்டும் சேர்க்காத வரிசையில் விதை ஊதி வெளிறிய பச்சையில் நிற்கிறது, அவ்வளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று நினைத்திருந்தேன், அறை வாசலில் நின்றாலே தெரிகிறது!

காய் அறுப்பது, பெட்டிக்குள் கை நுழைத்து விதை தூவுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது இளநீர் பற்றி. ஆர்க்கிடிலும் இரட்டைக் கருவுறுதல் (ஒன்றில் கரு, இன்னொன்றில் கருவுக்கு உணவாகும் கருவூண்) நடக்கிறது, ஆனால் கருவூண் வளராமல் ஆரம்பத்திலேயே அழிந்துவிடும். அதனால் விதையில் கரு மட்டும்தான், கட்டுச்சோறு கிடையாது. காட்டில் பூஞ்சை ஊட்டினால்தான் பிழைக்கும். 1922-ல் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த அகரில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்தார், நாம் பாட்டிலில் செய்வதெல்லாம் அந்த வழிதான். இளநீரோ முழுக்க முழுக்கத் தென்னையின் கருவூண். உட்கருக்கள் செல்சுவர் எழும்பாமல் பிரிந்துகொண்டே போகும், அப்புறம் ஓரத்திலிருந்து சுவர் கட்டி வழுக்கையாகி, கடைசியில் தேங்காய்ப் பருப்பாகும். சர்க்கரை, அமினோ அமிலம், பொட்டாசியம் போக, செல் பிரிவதைத் தூண்டும் ஜியாட்டின் போன்ற சைட்டோகைனின்களும் அதில் உண்டு. 1941-லேயே ஊமத்தையின் இளம் கருக்களைத் தேங்காய் நீர் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். தனக்கென்று கருவூண் இல்லாத விதைக்கு இன்னொரு மரத்தின் கருவூணை ஊற்றுகிறோம், அதை அது எடுத்துக்கொண்டு வளர்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இனி இளநீரின் பதம். "தண்ணியா, வழுக்கையா?" என்று கடைக்காரர் கேட்பாரே, இரண்டுக்கும் நடுவில் வேண்டும். "அண்ணே, வழுக்கை இப்பதான் கட்ட ஆரம்பிச்சிருக்கணும், ஸ்பூன் பட்டா கலையணும்" என்று சொன்னால் எங்கள் தெருமுனை அண்ணன் தட்டிப் பார்த்தே எடுத்துக் கொடுக்கிறார். வாங்கி வந்ததை அப்படியே ஊற்றக் கூடாது. கொதிக்க விட்டால் புரதம் திரிந்து வெள்ளை வெள்ளையாக மிதக்கும். ஆறவிட்டு, முதலில் துணியில், அப்புறம் ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுகிறேன். பேப்பரில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், அவசரப்பட்டுப் பிழிந்தால் கலங்கல் எல்லாம் கூடவே வந்துவிடும், ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடுப்பதே உத்தமம். தெளிந்ததை 150 மில்லி டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு டப்பா ஒரு லிட்டர் ஊடகத்துக்கு, அதாவது விதை வளரும் ஜெல்லிக் கலவைக்குச் சரியாக இருக்கிறது. முராஷிகி–ஸ்கூக் பொடி (செடிக்கான சத்து உப்புக் கலவை) பாதி அளவு, சர்க்கரை 20 கிராம்.

இதில் முக்கியம் பிஎச், அதாவது புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இளநீர் புளிப்புப் பக்கம் சாயும். அமிலம் கூடிய நிலையில் குக்கரில் வைத்தால் அகர் கெட்டிப்படாமல் கூழாகிவிடும், விதை மூழ்கிவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5.6-லிருந்து 5.8-க்குள் கொண்டுவந்த பிறகுதான் அகர் சேர்க்கிறேன். பிஎச் காகிதத்தில் இந்த நுணுக்கம் பிடிபடாது, சின்ன மீட்டர் கட்டாயம் வேண்டும்.

அகர் விஷயத்தில் ஒரு புலம்பல். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய பொடி பாதி ஈரம் ஏறிக் கட்டியாக இருந்தது, மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். மளிகைக்கடைச் சைனா கிராஸே (அதுவும் அகர்தான்) அதைவிடத் தேவலை. சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பெரிய பொட்டலம் வாங்காதீர்கள், சின்னதாக வாங்கிச் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கி மூடி வையுங்கள்.

இந்தப் பாட்டில்களில் நெரிசலாகிவிட்டது, மறுபாட்டில் மாற்றும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஆனால் மனசு நுங்கில் நிற்கிறது. நுங்கும் இளம் கருவூண்தான், பனையுடையது. கோடையில் நுங்குச் சுளைக்குள் இருக்கும் தண்ணீரைச் சேர்த்து உறைய வைத்து, இளநீரோடு பக்கத்துப் பக்கத்தில் ஒரு வரிசை போட்டுப் பார்க்கப் போகிறேன். தள்ளுவண்டியில் விற்கும் தேங்காய்ப்பூவையும் யோசித்தேன், ஆனால் அது கருவூண் இல்லை, கருவூணை உறிஞ்சிக் கொழுத்த விதையிலைப் பகுதி, அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

வேளச்சேரி, அடையாறு பக்கம் யார் வீட்டிலாவது வாண்டா ஆர்க்கிடில் காய் பிடித்திருந்தால், வெடிப்பதற்கு முன் பச்சையாகவே வேண்டும். பதிலுக்கு வடிகட்டிய இளநீர் டப்பாக்களும், வேர் விட்டதும் டென்ட்ரோபியம் நாற்றும் தருகிறேன்.