ஆறு மணிக்கு முன்பதிவு

"இன்னும் ரெண்டு நிமிஷம், யாரும் பேசாதீங்க" என்றாள் அக்கா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டல்லாஸில் காலை 6 மணி என்றால் ஃபுளோரிடாவில் 7. அங்கிருக்கும் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் சொந்த ஓட்டல்களில் தங்குபவர்களுக்கு, அறை எடுக்கும் நாளுக்கு 7 நாள் முன்பே 'லைட்னிங் லேன்', அதாவது காசு கட்டிப் போகும் குறுகிய வரிசைக்கான முன்பதிவு திறந்துவிடும். வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள்தான்.

மேஜையில் ஒரு தாள். ஒவ்வொரு ரைடுக்கும் எதிரே தேவையான உயரம். 'ஸ்பேஸ் மவுண்டன் 44 அங்குலம்' என்ற வரியில் சின்னவன் பெயரை எழுதி, அடித்து, பக்கத்தில் பென்சிலால் 43½ என்று குறித்திருந்தாள்.

அதன் கீழேயே 'ரைடர் ஸ்விட்ச்'. ஒருவர் அவனோடு வெளியே நிற்கலாம். மற்றவர்கள் போய் வந்ததும், முழு வரிசையில் நிற்காமல் அவரும் ஏறலாம். இதற்குத் தனிக் காசு இல்லை.

லைட்னிங் லேனில் முதலில் 3 ரைடுகளை முன்பதிவு செய்யலாம். ஒன்றில் ஏறியதும் அடுத்ததைப் பிடிக்கலாம். அதனால் மூன்றையும் காலை நேரத்திலேயே போட்டாள். கெட்டிக்காரி!

ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

லைட்னிங் லேனுக்கு முன்பிருந்தது ஃபாஸ்ட்பாஸ். 1999-இல் வந்தபோது அது இலவசம். நுழைவுச்சீட்டை மெஷினில் செருகினால், நேரம் அச்சடித்த துண்டுச்சீட்டு வரும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 2021-இல் அதன் இடத்தில் லைட்னிங் லேன் வந்து, கட்டணமாகிவிட்டது. அதுவும் தலைக்கு இவ்வளவு என்று, கூட்டத்துக்கேற்ப ஏறும் விலை.

வருஷக்கணக்கில் காசு சேர்த்து ஒரே ஒருமுறை வரும் குடும்பத்துப் பிள்ளைகள்தான் இப்போது நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு ரைடையாவது பழையபடி இலவசமாக விடலாம்.