இருபது வயசு மாருதி 800: இன்னும் விற்கவில்லை, இடது ரன்னிங் போர்டு வேலை முடிந்தது

இடது பக்கம் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய பிறகும் அந்தப் பக்கக் கதவு ஒரே தள்ளில் மூடுகிறது. கதவுக்கு மேலே உள்ள இடைவெளி முன்னும் பின்னும் ஒரே அளவு. போன மாதம் இதே இடத்தில் ஜாக்கி வைத்தபோது கதவின் பின் மூலை பில்லரில் (கதவுக்குப் பக்கத்துத் தூணில்) உரசியது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டில் துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வெல்ட் செய்த இத்தனை பாடும் இந்த மாற்றம் ஒன்றுக்காகத்தான். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

வண்டி 2006 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகும்). அப்பா குளச்சலில் ஓட்டியது, இப்போது தோவாளையில் என்னிடம் நிற்கிறது. ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, இந்த வருடம் முடிகிறது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் 5,000. அதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ். ஆயிரம் சிசிக்குக் கீழே தேர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அது பெரிய பாரமில்லை. புரோக்கர் நாற்பதாயிரம் தருகிறேன் என்றார். சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் புதுசு எடுக்கச் சொல்லி வீட்டிலும் பேச்சு. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டிய நிலை.

பழைய வண்டி என்றால் எல்லாரும் எஞ்சினைத்தான் கேட்கிறார்கள். புரோக்கரும் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுவிட்டு விலை சொன்னார். நானும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தேன்: முதல் இரண்டு சிலிண்டரில் 165, 160 பிஎஸ்ஐ, மூன்றாவதில் 118. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் 122. ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை, பெரும்பாலும் வால்வில். ஹெட்டை இறக்கி வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் சரியாகிவிடும். 2014 ஜனவரியோடு 800 தயாரிப்பு நின்றாலும் இந்த 796 சிசி எஞ்சினுக்கு இல்லாத பொருள் கிடையாது. எஞ்சின் விஷயம் அவ்வளவுதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு காரின் ஆயுளை முடிவு செய்வது அதன் பாடி. கடலோரத்தில் நின்ற வண்டியில் உப்பு ஒட்டியிருக்கும், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இடையில் ரன்னிங் போர்டின் உள்பக்கம் காய்வதற்கு நேரமே இல்லை. அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைச் சேறு அடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

அதனால் கார்பெட்டை முழுக்க எடுத்துவிட்டு, தார் ஷீட்டையும் சுரண்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகட்டில் நுனி வழுக்கும். செத்த தகடு கரகரவென்று உள்ளே போகும். சுத்தியல் பிடியால் தட்டினாலும் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். எனக்கு இடது ரன்னிங் போர்டில் முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றரை அடி நீளத்துக்குப் போய்விட்டது, கூடவே ஃப்ளோரில் உள்ளங்கை அளவு ஓட்டை. ஆனால் போனெட்டைத் திறந்தால் தெரியும் ஸ்ட்ரட் டவர் இரண்டும் கெட்டி. டவர் அரித்திருந்தால் அன்றைக்கே புரோக்கருக்கு போன் போட்டிருப்பேன். சஸ்பென்ஷன் பிடித்து நிற்கும் இடம் அது. அங்கே ஒட்டுப்போட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போக எனக்கு மனசு வராது.

பாடி ஷாப்பில் காட்டினேன். “தம்பி, இதுல காசு போடாதீங்க. இல்லேன்னா சொல்லுங்க, பட்டி போட்டு எஃப்சிக்கு ரெடி பண்ணித் தாறேன்” என்றார். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசை, எஃப்சி என்பது வண்டியின் தகுதிச் சோதனை. ஓட்டை மேல் பட்டி போட்டு மூடுவதைப் போல எனக்குக் கோபம் வரும் வேலை வேறில்லை. ஒரு மழைக்காலத்துக்குள் பட்டிக்குப் பின்னால் மிச்சத் தகடும் போய்விடும். வாங்குகிற அடுத்த ஆளுக்குத் தெரியவே தெரியாது.

சரி, வெல்டிங். சொந்தமாக வண்டி வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்: பேட்டரி கழற்றுவது, ஈசிஎம் (எஞ்சினின் கம்ப்யூட்டர்) கனெக்டரை எடுப்பது, பெட்ரோல் லைனை ஒதுக்குவது. வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் முன் பில்லருக்கும் நடு பில்லருக்கும் குறுக்கே ஒரு சதுரக் குழாயைப் பற்ற வைத்தேன். வண்டியும் சமதளத்தில் நாலு சக்கரத்தில் நின்றது. அது இல்லாமல் ரன்னிங் போர்டை வெட்டினால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று என் முற்றத்தில் சிஓடூ வெல்டிங்கின் கேஸை அடித்துக்கொண்டு போனது. வெல்டில் காற்று படாமல் காக்கும் அந்த கேஸ் போர்வை விலகினால் வெல்டில் பொடிப்பொடியாக ஓட்டை விழும், இட்லியை உடைத்துப் பார்த்த மாதிரி. கேஸைக் கூட்டினாலும் ஓரளவுக்கு மேல் பயனில்லை, அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் வயர் போட்டால் இந்த மெல்லிய தகட்டில் சூடு தாங்காமல் பொத்துக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது தார்ப்பாய். மூன்று பக்கமும் தரை வரைக்கும் கட்டி, ஓரத்தில் செங்கல் வைத்து, காற்று கிளம்பும் முன்னே விடியற்காலையில் வேலை. 0.8 வயர், 20 கேஜ் சிஆர் தகடு (பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு). கோடு இழுக்காமல் புள்ளி புள்ளியாக, இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நடுவில் ஒன்று. கை வைத்தால் பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் அடுத்த புள்ளி. பின்னால் செம்புப் பட்டை பிடித்தால் ஓட்டை விழாது. செம்பில் வெல்ட் ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

தகடு கோட்டாறில் வாங்கினேன். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு துருப்பிடிக்காதே என்று கடையில் தள்ளப் பார்ப்பார்கள், வேண்டாம். பற்ற வைக்கும்போது வரும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டும் கெடும். ஃப்ளோர் துண்டு ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) கிடக்கும் வண்டியிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்று போனேன். அங்கே நின்ற 800-க்கும் அதே இடம்தான் அரித்திருந்தது.

பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றப் போகிறேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடுகிறது. கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் ஹோஸை எம்பிஎஃப்ஐக்குப் போடாதீர்கள், எம்பிஎஃப்ஐ பம்ப் தரும் பிரஷரை அது தாங்காது.

இதுவரை தகடு, கேஸ், பிரைமர், சீலன்ட் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைத் தொட்டிருக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்க ரன்னிங் போர்டின் உள்ளே மெழுகு அடிப்பது இன்னும் பாக்கி. வடிகால் ஓட்டை வழியாக நீளக் குழாயை விட்டு அடிக்க வேண்டும், வெயில் நன்றாக அடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

வலது பக்கம் அடுத்து. அங்கே முதலில் ஃபெண்டரைக் கழற்றி முன் பில்லரின் அடிப்பாகத்தைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஹெட் கேஸ்கெட்டும் வால்வு செட்டும் வாங்குவேன். பில்லர் கெட்டியாக இருந்தால் ஆர்சிக்குப் பணம் கட்டுகிறேன்.