குரோதியா, குரோதனவா? ஓர் எழுத்தால் வீணான நடை

கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு கிரயப் பத்திரத்தின் கையெழுத்து நகல் மட்டுமே. பதிவு எண் இருந்த கடைசிப் பக்கம் செல்லரித்துப் போயிருந்தது. முதல் பக்கத்தில் 'குரோத… ௵ ஆவணி ௴' (௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம்), மடிப்பில் மிச்சம் தேய்ந்துவிட்டது. அதைக் குரோதி என்று படித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

குரோதி என்றால் 1904-05. இவ்வளவு பழைய வில்லங்கம் (சொத்தின் பதிவு விவரம்) இணையத்தில் கிடைக்காததால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால்தான் தேடவேண்டியிருந்தது. ஆண்டைக் குறிப்பிட்டுத் தேடுதல் கட்டணம் கட்டினேன். இரண்டு நாள் அலைச்சலுக்குப் பிறகு 'இல்லை' என்று பதில். கட்டிய பணம் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்து பத்திரத்தை மறுபடி வரிவரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: 'நடப்பு பசலி 1335 முதல் கிஸ்து தாங்களே செலுத்திக்கொள்ள வேண்டியது'. கிஸ்து என்பது நிலவரி, பசலி அந்த வரிக் கணக்கின் ஆண்டு. பசலியோடு 590 கூட்டினால் 1925. அது குரோதன வருஷம்! குரோதிக்கும் குரோதனவுக்கும் இடையே 21 ஆண்டுகள். தமிழ் வருஷப் பெயரை மட்டும் நம்பவே கூடாது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வேறு வரும். பசலி ஜூலை 1-இல் தொடங்குவதால், ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள தேதிக்கு 591 கூட்ட வேண்டும்.

அடுத்த நடையும் வீண். எங்கள் கிராமம் அந்தக் காலத்தில் வேறு அலுவலகத்தின் எல்லையில் இருந்திருக்கிறது. பழைய புத்தகங்கள் அங்கேயே தங்கிவிட்டன. இதை மதியம் மூன்று மணிவரை உட்காரவைத்துவிட்டுச் சொன்னார் எழுத்தர். போனவுடன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, '1925-இல் இந்தக் கிராமம் எந்த சார்பதிவகம்?' என்பதுதான்.

மூன்றாவது நடையில், அந்தப் பழைய அலுவலகத்தில் பெயர் அட்டவணையில் தேடினார்கள். 'ரா' வரிசையில் கொள்ளுத்தாத்தா ராமசாமியின் பெயர் இல்லை என்றார்கள். 'இ' வரிசையில் பார்க்கச் சொன்னேன். இராமசாமி என்று இருந்தது. லட்சுமணன், ரங்கன் போன்ற பெயர்களுக்கும் இதே கதிதான். ஒரே ஆண்டில் ஏழெட்டு ராமசாமிகள் வந்ததால், தகப்பனார் பெயரை வைத்துத்தான் எங்கள் ஆளைப் பிரிக்க முடிந்தது. சொத்துவாரி அட்டவணையில் தேடுவதானால் பழைய சர்வே எண் வேண்டும். இன்றைய பட்டாவில் இருப்பது பெரும்பாலும் யூ.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் உட்பிரிவான எண். அதைக் கொடுத்தால் எதுவும் வராது.

சான்றிட்ட நகல் பிறகு ஒரு வாரத்தில் கைக்கு வந்தது.

நகல் கிடைத்ததும் சொத்து விவரத்துக்குத் தாவாதீர்கள். ஆளைப் பற்றிய சேதியெல்லாம் ஓரங்களில்தான் இருக்கும். 'வயது சுமார் 42' என்பதில் அந்த 'சுமார்' முக்கியம். இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருக்கலாம். கையெழுத்தா, கைநாட்டா என்று பாருங்கள்: எங்கள் ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வீட்டில் சொல்லிவந்த கதை அங்கேயே உடைந்தது. சாட்சிகளில் ஒருவராவது பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருக்க வாய்ப்புண்டு, அந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரம். அதில் வடக்கு எல்லையாக 'என் இளைய சகோதரன் பாத்தியப்பட்ட புஞ்சை' என்று இருந்தது. அப்படி ஒரு தம்பி இருந்ததே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

பத்திரத்தின் நடுவில் முன்பத்திரத்தின் (இதே சொத்துக்கு இதற்கு முன் எழுதப்பட்ட பத்திரத்தின்) எண்ணும் ஆண்டும் கிடைத்தன. இந்தமுறை பசலியையும் சரிபார்த்துக்கொண்டுதான் மனு எழுதியிருக்கிறேன்.